கலத்தில் தங்கிக் கடலில் மூழ்கியோர்

வெப்பக் கடலின் நடுவே, கரை கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், கலத்தை நிறுத்தி, அதிலேயே உண்டு உறங்கி, நாள்தோறும் மூன்று நான்கு முறை கடலடிக்கு இறங்கிப் பவளப்பாறைகளைக் கண்டு வருவது இக்காலத்தில் ஒரு விடுமுறைப் பயணமாக வளர்ந்துள்ளது. செங்கடலிலும் மாலத்தீவிலும் இத்தகைய கலங்களைச் ‘சஃபாரிப் படகு’ என்று அழைக்கின்றனர். பல மாதங்களுக்கு முன்னரே முன்பணம் கட்டி இடத்தைப் பதிவு செய்துகொண்டு, பல நாட்டினரும் இவற்றில் செல்கின்றனர். இப்பயணத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர், நீருக்குள் மூச்சு விடும் கருவி தோன்றிய காலத்திலிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று. மூழ்குவதற்காகவே கலத்தில் குடியிருந்தவர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இருந்தார்கள். அவர்களும் முன்பணத்தோடுதான் கலம் ஏறினார்கள். ஆனால் பணம் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லர், வாங்கியவர்கள்.

பாரசீக வளைகுடாவின் முத்துப் படுகைகள் பல, கரையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளவை. காலையில் சென்று மாலையில் மீள்வது இயலாது. ஆதலால் ஆண்டுதோறும் கோடையில் நீர் வெதுவெதுப்பானதும், பஹ்ரைன், குவைத், கத்தார், துபாய், அபுதாபி முதலிய இடங்களிலிருந்து பாய்மரக்கலங்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்படும். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவை கடலிலேயே கிடக்கும். ‘பெருங்குளிப்பு’ என்று பொருள்படும் ஒரு பெயரால் அரபியர் இப்பருவத்தை வழங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரிகள் தொகுத்த கணக்கின்படி, இத்தொழிலில் ஏறத்தாழ 4,500 கலங்களும் 70,000-க்கு மேற்பட்ட ஆடவரும் ஈடுபட்டிருந்தனர். கோடைக்காலத்தில் அக்கரையூர்களில் பெண்டிரும் முதியோரும் சிறுவருமே பெரும்பாலும் எஞ்சியிருந்தனர் என்று எண்ணிக்கொள்ளலாம்.

மூழ்குவோனுக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. மூக்கை இறுக்க ஆமையோட்டாலோ கொம்பாலோ செய்த ஒரு கவ்வி. கழுத்தில் தொங்கும் ஒரு கூடை. காலில் மாட்டிக்கொள்ளும் கல். மேலே கயிற்றைப் பற்றி நிற்கும் ஒரு துணைவன். கல்லின் கனத்தால் அவன் அடிக்குப் போவான். கல்லை மேலே இழுத்துவிடுவர். மூச்சுள்ள வரை சிப்பிகளைப் பொறுக்கியபின் கயிற்றை அசைப்பான். துணைவன் விரைந்து இழுப்பான். ஒரு நாளில் ஐம்பது முறையும் அதற்கு மேலும் இவ்வாறு இறங்குவதுண்டு. பகலில் பேரீச்சம்பழமும் காப்பியுமே உணவு. வயிறு நிறைந்திருந்தால் மூச்சடக்க முடியாது. மாலையில்தான் சோறும் மீனும். இரவில் சிப்பிகள் குவிந்து நாறும் மேல்தளத்திலேயே, வானத்தின்கீழ், தோளோடு தோள் உரசப் படுத்து உறங்குவர். பாடுவதற்கென்றே கலத்தில் ஒருவன் இருந்தான். துடுப்பு வலிக்கும்போதும் பாய் ஏற்றும்போதும் அவன் குரலே மற்றவர்களைச் சோர்வின்றி நடத்தியது.

குடிநீருக்கு அவர்கள் செய்த ஏற்பாடு வியப்பானது. பஹ்ரைனைச் சூழ்ந்த கடலின் அடியில் நன்னீர் ஊற்றுகள் இருந்தன. தோற்பையோடு மூழ்கி, ஊற்றின் வாயிலேயே அதை நிரப்பி, வாயை இறுகக் கட்டி மேலே கொண்டுவருவர். உப்புக் கடலின் அடியிலிருந்து நல்ல நீரை முகந்து குடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இனி, அந்த முன்பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கலத்தலைவனை ‘நகுதா’ என்பர். பருவத் தொடக்கத்தில் நகுதா, மூழ்குவோனின் குடும்பம் நான்கு மாதம் உண்பதற்கென்று ஒரு தொகை கொடுப்பான். நகுதாவுக்கோ பெரும்பாலும் ஒரு வணிகன் கடன் கொடுத்திருப்பான். பருவ முடிவில் முத்துகள் விற்றபின் பங்கு பிரிப்பார்கள். பங்கு முன்பணத்தை எட்டாவிட்டால் மிச்சம் கடனாக நிற்கும். கடன் தீரும்வரை அவன் வேறு கலத்தில் ஏற முடியாது. கணக்கை எழுதுபவன் நகுதா. எழுத்தறியாத மூழ்குவோன் அதைச் சரிபார்ப்பது எங்ஙனம்? தந்தை இறந்தால் கடன் மகன்மேல் விழுந்த கொடுமையும் உண்டு. 1920-களில் பஹ்ரைன் அரசு இதில் தலையிட்டு, ஒவ்வொரு மூழ்குவோனுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. சீர்திருத்தத்தில் முன்பணத்தின் அளவு குறைந்தபோது மூழ்குவோரே சினந்தனர். 1932-இல் கலகமும் மூண்டது. கடன் அவர்களை வருத்தியது உண்மை. ஆனால் அந்த முன்பணம் இன்றி அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் உண்மை. ஒரு நல்ல சட்டம் பசித்தவனின் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் இங்கே கண்டுகொள்ளலாம்.

ஜப்பானில் வளர்ப்பு முத்து பெருகியதும், 1929-க்குப் பின் உலகெங்கும் வந்த வணிக வீழ்ச்சியும் இத்தொழிலை முறித்தன. பஹ்ரைனில் எண்ணெய் வெளிப்பட்டதும் அதே 1932-ஆம் ஆண்டில்தான். அந்த முத்து வாணிகத்தின் எச்சங்களான வீடுகளையும் படுகைகளையும் யுனெஸ்கோ 2012-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

நம் மன்னார் வளைகுடாவிலும் முத்துக்குளிப்பு நடந்ததே, அது இதில் சேராதா என்று நேயர்கள் கேட்கக்கூடும். சேராது. நம் ‘பார்’கள் கரைக்கு அருகில் இருந்தமையால், நள்ளிரவில் தரைக்காற்றில் புறப்பட்ட படகுகள் மறுநாள் கடற்காற்றில் கரை திரும்பிவிடும். தங்குமிடம் கடலில் அன்று, கடற்கரையில். முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கே திடீரென்று ஒரு நகரமே எழுந்து, சில வாரங்களில் மறைந்துவிடும். அது தனியே சொல்லத்தக்க கதை.

அடுத்த மாற்றம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நீரில் பத்து மீட்டர் இறங்கினால் உடல்மேல் உள்ள அழுத்தம் இருமடங்காகிறது. அழுத்தம் மிக்க காற்றை மூச்சாக இழுக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியில் குமிழி கிளம்புவதுபோல அது உடலுக்குள்ளேயே குமிழியிடும். மூட்டு நோவு, முடக்கம், சில வேளை சாவும் நேரும். பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878-இல் இக்காரணத்தை விளக்கினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பவர் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எப்படிப் படிப்படியாக மேலே வரவேண்டும் என்ற அட்டவணைகளை 1908-இல் வெளியிட்டார். இன்று மூழ்குவோர் மணிக்கட்டில் கட்டியுள்ள சிறு கணக்குப்பொறி செய்வதும் அடிப்படையில் இதே கணக்குத்தான்.

பின்னர் 1943-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக்-ஈவ் குஸ்தோவும் எமில் காஞான் என்ற பொறியாளரும், மூச்சை இழுக்கும்போது மட்டும், வேண்டிய அழுத்தத்தில் காற்றை விடும் வால்வு ஒன்றை அமைத்தனர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வாயுவால் மோட்டார் வண்டி ஓட்டியபோது, அதற்காகக் காஞான் செய்திருந்த வால்வே இதற்கு முன்மாதிரி. முதுகில் காற்றுக் குடுவை, வாயில் இந்தக் கருவி. மனிதன் மேலுலகத்தோடு குழாயால் பிணைக்கப்படாமல் நீரில் உலவலானான்.

ஆயினும் மூழ்குவதற்காகவே கலத்தில் தங்கும் வழக்கத்தைப் புதிய உருவில் நிறுவியவர் என்று நான் கருதுவது வேறொருவரை. வியன்னாவில் 1919-இல் பிறந்த ஹான்ஸ் ஹாஸ் அவர். சட்டம் படிக்கச் சென்றவர், மீன்களின்மேல் கொண்ட ஆசையால் விலங்கியலுக்கு மாறினார். 1939-இல் இரு நண்பர்களோடு கரிபியன் கடலுக்குச் சென்று, வெறும் மூச்சடக்கியே நீருக்கடியில் படம் பிடித்தார். பின்னர் அவர் கைக்கொண்ட கருவி, குஸ்தோவின் கருவியைப் போன்றதன்று. தூய பிராணவாயுவையே, வெளிவிட்ட மூச்சைத் தூய்மை செய்து, திரும்பத் திரும்பச் சுவாசிக்கும் கருவி. அதில் குமிழி எழாது, ஓசையும் இராது, மீன்கள் அஞ்சி ஓடா. ஆனால் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே தூய பிராணவாயுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். உயிர்காக்கும் பொருளே உயிர்வாங்கும் எல்லை எது என்று தெளிவாக அறியாத காலத்தில் அவர் அதனோடு இறங்கினார்.

1950-இல் ஹாஸ் ஒரு குழுவோடு சூடானின் துறைமுகத்தில் தங்கிச் செங்கடலில் படமெடுத்தார். குழுவில் லோட்டே என்ற இளம்பெண்ணும் இருந்தார். முதலில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தவர். பின்பு ஹாஸின் மனைவியானார். கடலடி பெண்களுக்கு உரிய இடமன்று என்று கருதப்பட்ட நாளில், சுறாக்களின் நடுவே அவர் நீந்திய காட்சியே அப்படத்தின் உயிராயிற்று. வெனிஸ் திரைப்பட விழாவில் படம் பரிசு பெற்றது. 1951-இல் ஹாஸ் ‘ஸாரிஃபா’ என்ற மும்மரக் கலத்தை வாங்கினார். தையல் இயந்திரத்தால் செல்வம் குவித்த சிங்கர் குடும்பத்தினர் ஒருவருக்காக 1927-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட உல்லாசக் கலம் அது. அதைச் செப்பனிட்டு, ஆய்வறையும் மூழ்கு கருவிகளும் அமைத்து, கரைக்குத் திரும்பும் கட்டாயமின்றி விரும்பிய பாறையருகே வாரக்கணக்கில் நிற்கத்தக்க வீடாக ஆக்கினார். 1953–54-இல் கரிபியன் கடலுக்கும் காலபகஸ் தீவுகளுக்கும், 1957–58-இல் செங்கடல், மாலத்தீவு, இலங்கை, நிக்கோபார்த் தீவுகள் ஆகியவற்றுக்கும் அக்கலம் சென்றது.

இரண்டாம் பயணத்தின் பலன்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மணற்பாங்கான கடலடியில், வயலில் நாற்று நிற்பதுபோல, நூற்றுக்கணக்கான மெல்லிய உருவங்கள் நீரோட்டத்தில் அசைந்து நிற்பதை மூழ்கியவர்கள் கண்டனர். அருகே சென்றால் அவை ஒவ்வொன்றாக மணலுக்குள் இறங்கி மறைந்துவிடும். அவை செடிகள் அல்ல. வாலை மணலில் புதைத்துத் தலையை நீட்டி, ஓடிவரும் இரையைக் கவ்வும் விலாங்கு மீன்கள். வலைக்கு அகப்படாத இவ்வுயிரைக் காண, மனிதன் அங்கே போய்ப் பொறுமையோடு காத்திருக்க வேண்டியிருந்தது. 1959-இல் அறிவியலார் அதற்குக் கலத்தின் பெயரையும் தலைவரின் பெயரையும் சேர்த்து ‘ஸாரிஃபானியா ஹாஸி’ என்று பெயரிட்டனர். கலத்தைப் பேணும் செலவைத் தாங்க இயலாமல் ஹாஸ் பின்னர் அதை விற்றார். ஸாரிஃபா மீண்டும் செல்வரின் உல்லாசக் கலமாயிற்று.

குஸ்தோவின் ‘கலிப்ஸோ’வைப் பலரும் அறிவர். அமெரிக்காவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படையில் கண்ணிவெடி அகற்றி, போருக்குப்பின் மால்டாத் தீவில் பயணிகளை ஏற்றி இறக்கிய மரக்கலம் அது. 1950-இல் ஒரு செல்வர் அதை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகைக்குக் குஸ்தோவிடம் விட்டார். பணமுடை அவருக்கும் இருந்தது. 1954-இல் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கூலியைப் பெற்றுக்கொண்டு, அபுதாபிக்கு அப்பால் கடலடிப் பாறைகளை உடைத்தெடுத்துக் கொடுத்தவர்கள் கலிப்ஸோவின் மூழ்குவோரே. முத்தெடுத்தவர்கள் இறங்கிய அதே வளைகுடாவில் அடுத்த தலைமுறை மூழ்குவோர் எண்ணெய்க்காக இறங்கினர்! 1956-இல் கேன் திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்ற அவர்களுடைய ‘மௌன உலகம்’ என்ற படத்தில், மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கும் காட்சி ஒன்றுண்டு. பிற்காலத்தில் கடலின் காவலராகப் புகழ்பெற்ற ஒருவர் அன்று செய்த செயல் அது. அதை மறைக்கவும் வேண்டா. அதொன்றையே பேசவும் வேண்டா. அக்காட்சியைக் கண்டு முகம் சுளிக்க இன்றைய மாணவருக்குக் கற்றுத்தந்தவர்களுள் அவரும் ஒருவர்.

இதே ஆண்டில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இலங்கையில் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, போர்ச்சுக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர்.

அறிவியலாரும் படமெடுப்போரும் காட்டிய கடலைத் தாமும் காண விரும்பியவர்கள் பெருகினர். 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூழ்குவதைக் கற்பித்துச் சான்றிதழ் தரும் சங்கங்கள் எழுந்தன. மாலத்தீவில் வெளிநாட்டார் தங்கும் முதல் விடுதி 1972-இல் திறக்கப்பட்டது. அங்கே பெரிய கலத்தைத் தொடர்ந்து, காற்றுக் குடுவைகளையும் அவற்றை நிரப்பும் இயந்திரத்தையும் சுமந்து ஒரு சிறு கலம் வரும். அதற்குப் பெயர் ‘தோனி’. நம் ‘தோணி’யோடு உறவுடைய சொல் அது. சினாய்த் தீவக்குறை 1982-இல் எகிப்துக்குத் திரும்பியபின், அதன் தென்முனையான ராஸ் முகம்மது 1983-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. செங்கடலில் தங்குகலங்கள் பெருகின. அவற்றில் செல்வோர் பெரிதும் விரும்பும் இடங்களுள் ஒன்று ‘திஸ்ல்கார்ம்’ என்ற மூழ்கிய கப்பல். பிரிட்டிஷ் படைகளுக்கு லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், துப்பாக்கிகள், காலணிகள் முதலியவற்றை ஏற்றிவந்த அக்கப்பலை 1941 அக்டோபர் 6-ஆம் நாள் ஜெர்மன் விமானம் குண்டுவீசி அழித்தது. ஒன்பது பேர் மாண்டனர். வரிசையாக நிற்கும் அந்த மோட்டார் சைக்கிள்களைக் காண வந்த படகுகள் சிதைந்த கப்பலிலேயே கயிற்றைக் கட்டியதால் இரும்புப் பகுதிகள் பெயர்ந்தன. நங்கூரங்கள் பவளத்தை நொறுக்குவதைக் கண்ட ஹுர்கடா நகரத்து மூழ்குதொழிலார், 1992-இல் தாமே ஒரு சங்கம் அமைத்து, கலங்கள் கட்டிக்கொள்ள மிதவைகளை நிறுவத் தொடங்கினர். ஆனால் மிதவைகளால் தடுக்க முடியாத கேடும் ஒன்றுண்டு. 1998-இல் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியபோது, மாலத்தீவின் ஆழங்குறைந்த பாறைகளில் பவளங்களின் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. ஹாஸ் கண்ட மாலத்தீவை இனி அவருடைய படங்களில்தான் காணவேண்டும்.

இன்று இத்தகைய பயணத்துக்குப் பதிவு செய்பவர் முதலில் கேட்பது விலையும் வழித்தடமும். கேட்கவேண்டியவை வேறு சில உள்ளன. நாளுக்கு நான்கு முறை, ஒரு வாரம் மூழ்குபவரின் உடலில் நைட்ரஜன் முழுதும் நீங்குவதில்லை. ஆகவே கடைசியாக மூழ்கி 18 மணி நேரமாவது கழியாமல் விமானம் ஏறலாகாது. திரும்பும் பயணச்சீட்டை அதற்கேற்ப எடுக்கவேண்டும். அழுத்த அறையுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேலேறிய தலைகளை எண்ணுபவர் யார் என்பது எளிய கேள்வி. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், எண்ணிக்கை தவறியதால் ஒரு பகற்பயணப் படகு கணவன் மனைவி இருவரைக் கடலிலேயே விட்டுத் திரும்பியது. இரண்டு நாள் கழித்தே அவர்கள் இல்லாதது தெரிந்தது. அவர்கள் பின்னர்க் கிடைக்கவே இல்லை.

2019 செப்டம்பர் 2-ஆம் நாள், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற தங்குகலம் நங்கூரமிட்டிருந்தது. அது குளிர்கடல், ஆயினும் கலத்தின் அமைப்பு எங்கும் காண்பதே. விடியற்காலை மூன்று மணியளவில் நடுத்தளத்தில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் 33 பயணிகளும் ஒரு பணியாளும் உறங்கிக்கொண்டிருந்தனர். மேலே வர ஒரு படியும், அவசரத் திறப்பு ஒன்றும் இருந்தன. இரண்டும் எரிந்துகொண்டிருந்த அதே கூடத்தில்தான் திறந்தன. 34 பேரும் மாண்டனர். மேற்தளத்தில் உறங்கிய பணியாளர் ஐவர் தப்பினர். விசாரணை செய்த அமெரிக்க வாரியம், இரவில் விழித்திருந்து சுற்றிவரும் காவல் ஒருவரும் இல்லாமையைப் பெருங்குறையாகக் கண்டது. கலத்தின் தலைவருக்கு 2024-இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. செங்கடலிலும் 2023 ஜூனில் ‘ஹரிகேன்’ என்ற கலம் எரிந்து மூன்று பயணிகள் இறந்தனர். 2024 நவம்பரில் ‘ஸீ ஸ்டோரி’ கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர்.

அந்நாள் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்குப் படுக்கையறை இல்லை, வானமே கூரை, ஆபத்து வந்தால் எழுந்து நிற்பதே போதும். இன்றைய கலத்தில் பஞ்சணையும் குளிர்காற்றும் இருக்கின்றன. அவற்றோடு மூடிய கதவும் இருக்கிறது. கன்செப்ஷன் எரிந்தபின் அமெரிக்கக் கடலோரக் காவற்படை, தீயை உணர்த்தும் கருவிகள், தப்பும் வழிகள், மின்கலங்களை வைக்கும் முறை ஆகியவை பற்றிப் புதிய விதிகளை இயற்றியது; 2022 மார்ச்சில் அவை நடைமுறைக்கு வந்தன. பிற நாட்டுக் கொடியின்கீழ் ஓடும் கலங்களை அவை கட்டுப்படுத்தா. அங்கே பயணம் போகிறவர், பணம் கட்டுமுன் தாமே கேட்டறிய வேண்டும்: நள்ளிரவில் இக்கலத்தில் விழித்திருப்பவர் யார்? என் அறையிலிருந்து மேல்தளத்துக்கு இரண்டாவது வழி எது? அது வேறிடத்தில் திறக்கிறதா?